கயிறு அறுந்தது எப்போது?

சுவிட்சர்லாந்து நாட்டின் மலையூர்களுள் ஒன்று செர்மாட். அவ்வூர் அருங்காட்சியகத்தில் அறுந்துபோன ஒரு கயிற்றுத் துண்டு காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பார்வைக்கு மிக எளிய பொருள். 1865ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 14ஆம் நாள் அக்கயிறு அறுந்தமையால் நால்வர் மாண்டனர். அது அறுந்தமையாலேயே மூவர் பிழைத்தனர் என்றும் சொல்ல வேண்டும். அதனை எவரேனும் அறுத்தாரா, அன்றித் தானே அறுந்ததா என்னும் வினா நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மலையேறுவோரிடையே எழுப்பப்பட்டு வருகிறது. வினாவில் தவறில்லை. ஆனால் அதனை எழுப்புவோர் அனைவரும் கயிறு அறுந்த அந்த நொடியையே உற்று நோக்குகின்றனர். அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே நோக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதை விளக்க, நடந்ததை முதலில் முறையாகச் சொல்லியாக வேண்டும்.

செர்மாட்டுக்கு மேலே நிற்கும் மலையின் பெயர் மாட்டர்ஹார்ன். உயரம் 4,478 மீட்டர். ஆல்ப்ஸ் தொடரில் இதனினும் உயர்ந்த சிகரங்கள் உண்டு. மோன் பிளாங் 4,800 மீட்டருக்கும் மேற்பட்டது. ஆனால் மோன் பிளாங் பரந்த பனிச்சரிவுகளைக் கொண்டது. மாட்டர்ஹார்னோ நாற்புறமும் பாறையாய்ச் செங்குத்தாக எழுந்து கூரிய முனையில் முடிவது. சிறுவர்கள் மலை என்று எதனை வரைகிறார்களோ, கரும்பலகையில் ஆசிரியர் மலை என்று எதனை வரைகிறாரோ, அது பெரும்பாலும் இந்த மலைதான். மோன் பிளாங் உச்சியில் மனிதர் கால் பதித்தது 1786ஆம் ஆண்டில். மாட்டர்ஹார்ன் அதற்குப் பின்னும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் எவருக்கும் இடங்கொடுக்கவில்லை. அதன் வடபுறம் சுவிட்சர்லாந்து, தென்புறம் இத்தாலி. இரு நாட்டு எல்லையும் அதன் முகட்டின் வழியே செல்கிறது.

இம்மலையின் மீது மாறா வேட்கை கொண்டவர் இருவர். ஒருவர் எட்வர்ட் விம்பர், இலண்டன் மாநகரைச் சேர்ந்த மரச்செதுக்கு ஓவியர். இருபது வயதில், 1860ஆம் ஆண்டு, பதிப்பாளர் ஒருவருக்காக மலைக்காட்சிகளை வரைந்துவர ஆல்ப்சுக்கு வந்தவர், மறு ஆண்டு முதல் ஓவியத்தை விட்டு மலையைப் பற்றிக்கொண்டார். இத்தாலியப் பக்கமாகப் பலமுறை முயன்று தோற்றார். 1862ஆம் ஆண்டில் துணையின்றித் தனியே சென்று, ஏறக்குறைய 200 அடி பாறைகளில் மோதி உருண்டு, தலையில் காயங்களுடன் உயிர் தப்பினார். மற்றவர் ஜான் அந்துவான் கரெல், மலையின் தென்புறத்தில் வால்தூர்னாஞ்ச் என்னும் ஊரைச் சேர்ந்த கற்கொத்தர். இத்தாலியப் படையில் போர்வீரராக இருந்தவர். தம் ஊருக்கு மேலே நிற்கும் மலையைத் தம் ஊராரே முதலில் ஏற வேண்டும் என்பது அவர் எண்ணம். விம்பருக்கு அவர் சில வேளை வழிகாட்டி, சில வேளை போட்டியாளர்.

1865ஆம் ஆண்டு ஜூலையில் விம்பர் கரெலை நாடி மலையின் இத்தாலிய அடிவாரமாகிய பிரூய் வந்தபோது, கரெல் முன்னரே வேறொருவருக்கு வாக்களித்திருந்தார். ஜோர்டானோ என்னும் இத்தாலியப் பொறியியலாளர், தம் நாட்டவரே சிகரத்தை முதலில் அடைய வேண்டும் என்று கரெலை மறைவாக அமர்த்தியிருந்தார். கரெலின் குழு 11ஆம் நாள் புறப்பட்டுச் சென்ற பின்பே விம்பருக்கு இது தெரியவந்தது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார். கையில் கூடாரமும் கயிறுகளும் உண்டு. சுமக்க ஆள் இல்லை, வழிகாட்ட ஆள் இல்லை. அந்நிலையில் பிரான்சிஸ் டக்ளஸ் என்னும் பிரபு குடும்பத்து இளைஞர் அங்கு வந்து சேர்ந்தார். வயது பதினெட்டு. ஆயினும் மலைப்பழக்கம் உடையவர். இருவரும் மறுநாள், ஜூலை 12, கணவாயைக் கடந்து செர்மாட் சென்று, அங்கே பீட்டர் டவுக்வால்டர் என்னும் முதிய வழிகாட்டியையும் அவர் மகன் இளைய பீட்டரையும் அமர்த்திக்கொண்டனர்.

அன்று மாலை செர்மாட் விடுதியில் இன்னொரு குழுவைக் கண்டனர். சார்ல்ஸ் ஹட்சன் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், சாமோனி ஊரின் புகழ்மிக்க வழிகாட்டியாகிய மிஷேல் குரோசுடன் அதே மலைக்குப் புறப்பட இருந்தார். ஹட்சன் அந்நாளில் மலையேற்றத்தில் தலைசிறந்தவர்களுள் ஒருவர். 1855ஆம் ஆண்டில் மோன்டே ரோசாவின் உச்சியை முதன்முதலில் அடைந்தவர்களுள் அவரும் உண்டு. ஒரே மலையில் ஒரே நாளில் இரண்டு குழுக்கள் ஏறுவது நன்றன்று. ஆகவே ஒன்றாகச் சேர்வதெனப் பேசி முடித்தனர். ஹட்சனுடன் ஹாடோ என்னும் பத்தொன்பது வயது இளைஞரும் இருந்தார். மலைகளுக்கு அவர் வந்தது அதுவே முதல் பருவம்.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். விம்பர், ஹாடோவுக்கு என்ன பழக்கம் உண்டு என்று ஹட்சனிடம் வினவினார். இதனை விம்பரே தம் நூலில் எழுதியுள்ளார். சில நாட்களுக்கு முன் ஹாடோ மோன் பிளாங் சிகரத்தைப் பலரினும் விரைவாக ஏறி முடித்தார், நம்முடன் வருவதற்குப் போதிய தகுதி அவருக்கு உண்டு என்ற கருத்தில் ஹட்சன் விடையளித்தார். அத்துடன் பேச்சு முடிந்தது. பனிச்சரிவில் விரைந்து நடந்தவர் செங்குத்துப் பாறையில் இறங்கவும் வல்லவரா என்னும் அடுத்த வினா எழவில்லை. அவ்விருவருக்கும் இவ்வேறுபாடு தெரியாததன்று. ஆல்ப்ஸ் முழுவதிலும் அதனை அவர்களினும் நன்கறிந்தவர் சிலரே இருந்திருப்பர். ஆனால் மலையின் மறுபுறத்தில் கரெல் ஏறிக்கொண்டிருந்தார்.

ஜூலை 13 காலையில் புறப்பட்டு, நடுவழியில் கூடாரமிட்டுத் தங்கி, 14ஆம் நாள் விடியுமுன் எழுவரும் ஏறத் தொடங்கினர். அடிவாரத்திலிருந்து பார்க்கையில் ஏறவே இயலாதது போல் தோன்றிய வடகிழக்கு முகடு, நெருங்கிச் சென்றபோது பெரும்பகுதி எளிதாகவே இருந்தது. மேற்பகுதியில்தான் கடினம். அங்கே ஹாடோவுக்கு அடிக்கடி கைகொடுக்க வேண்டியதாயிற்று. உச்சி அருகே சரிவு குறைந்ததும் விம்பரும் குரோசும் கயிற்றிலிருந்து தம்மை விடுவித்துக்கொண்டு, யார் முதலில் என்று ஓடினர். பிற்பகல் 1.40 மணி. சிகரத்துப் பனியில் காலடிச் சுவடு எதுவும் இல்லை. கீழே, இத்தாலியப் பக்கத்தில், கரெலின் குழு புள்ளிகளாய்த் தெரிந்தது. கூவிப் பார்த்தனர். பின்னர்த் தாங்கள் வென்றதை அவர்கள் அறியும்பொருட்டுக் கற்களை உருட்டிவிட்டனர். கரெலின் குழு திரும்பிச் சென்றது. மனிதர் இருக்கும் திசை நோக்கிக் கல் உருட்டிய இச்செயலை விம்பர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர் எழுத்தில் அது மகிழ்ச்சியின் ஒரு பகுதியாகவே வருகிறது.

உச்சியில் ஒரு மணி நேரம் இருந்தனர். குரோஸ் தம் மேற்சட்டையைக் கூடாரக் கழியில் கட்டிக் கொடியாக நட்டார். இறங்கும் வரிசையை ஹட்சனும் விம்பரும் கலந்து பேசினர். கடினமான பகுதியில் பாறையில் கயிறு கட்டி, அதனைக் கூடுதல் பிடிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று விம்பர் சொன்னார், ஹட்சனும் நல்லதென்றார். ஆனால் செய்வதென்று முடிவாகவில்லை. பின்னர் அது செய்யப்படவுமில்லை. மற்றவர்கள் கயிற்றால் பிணைத்துக்கொண்டிருந்த நேரத்தில் விம்பர் சிகரத்தை ஓவியமாக வரைந்துகொண்டிருந்தார். எழுவர் பெயரையும் எழுதிக் குப்பியில் இட்டு வைக்க மறந்துவிட்டோம் என்று எவரோ நினைவூட்ட, அதனையும் எழுதி வைத்துவிட்டுப் பின்னால் இறங்கினார்.

முன்னே குரோஸ், அடுத்து ஹாடோ, அடுத்து ஹட்சன், அடுத்து டக்ளஸ், அவருக்குப் பின் முதிய டவுக்வால்டர். விம்பரும் இளைய டவுக்வால்டரும் தனியே ஒரு கயிற்றில் வந்தனர். மூன்று மணியளவில் டக்ளஸ் விம்பரை அழைத்து, முதியவரோடு உங்களையும் பிணைத்துக்கொள்ளுங்கள், எவரேனும் வழுக்கினால் அவர் ஒருவரால் தாங்க இயலாது என்று அஞ்சுகிறேன் என்றார். எழுவருள் இளையவர் அவர். அவருக்குத் தோன்றியது பெரியவர்களுக்குத் தோன்றாமற் போயிற்று. விம்பர் அவ்வாறே பிணைத்துக்கொண்டார்.

சில நிமிடங்கள் சென்றன. குரோஸ் தம் பனிக்கோடரியைக் கீழே வைத்துவிட்டு, ஹாடோவின் கால்களைத் தம் கைகளால் பற்றி ஒவ்வொன்றாகப் பாறையில் பொருத்திக்கொண்டிருந்தார். அடுத்த படி இறங்குவதற்காக அவர் திரும்பிய வேளையில் ஹாடோ வழுக்கிக் குரோசின்மேல் விழுந்தார். இருவரும் விழ, ஹட்சன் இழுபட்டார், டக்ளசும் இழுபட்டார். மேலே இருந்த மூவரும் பாறையை இறுகப் பற்றினர். டக்ளசுக்கும் முதிய டவுக்வால்டருக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வரும் ஏறத்தாழ 4,000 அடி கீழே பனியாற்றில் வீழ்ந்தனர். டக்ளசின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. மேலிருந்த மூவரும் அரை மணி நேரம் அசையாமல் நின்றதாக விம்பர் எழுதுகிறார். கையில் கோடரி இல்லாமல் பிறன் ஒருவனின் பாதத்தைப் பற்றிக்கொண்டிருந்த குரோசை எண்ணும்போதெல்லாம் என் மனம் மேலே செல்ல மறுக்கிறது. அவருக்கு ஹாடோ உறவினரல்லர். கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அவர்.

இறங்கும் வழியில் விம்பர் கயிற்றை ஆராய்ந்தார். அவர்களிடம் மூன்று வகைக் கயிறுகள் இருந்தன. அறுந்தது அவற்றுள் பழையது, மிக மெலிந்தது. ஆள்களைப் பிணைக்கும் பொருட்டன்றி, பாறையில் கட்டிவிட்டு வருவதற்கென எடுத்துச் சென்றது. வலிய கயிறு மிச்சமிருக்க, மெலிந்ததைக் கட்டியது ஏன்? பழி முதிய டவுக்வால்டரை நோக்கித் திரும்பியது. தம் உயிரைக் காத்துக்கொள்ளக் கயிற்றை வெட்டினார் என்று உள்ளூரில் சிலர் பேசினர். வெட்டவில்லை என்று விம்பர் திட்டமாக மறுத்தார். ஆனால் வேண்டுமென்றே மெலிந்த கயிற்றைக் கட்டியிருப்பாரோ என்னும் ஐயத்திற்கு 1871இல் வெளியிட்ட தம் நூலில் இடம் விட்டு வைத்தார். ஜூலை 21இல் தொடங்கிய அரசு விசாரணை, ஹாடோ வழுக்கியதே காரணம், எவர்மீதும் குற்றமில்லை என்று முடித்தது. விசாரணையில் முதியவர் கூறிய விடைகள் நெடுங்காலம் அச்சேறவில்லை. பழியின் நிழல் நீங்காமல், அவர் அமெரிக்கா சென்று சில ஆண்டுகள் வாழ்ந்து, ஊர் திரும்பி 1888இல் மறைந்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நமக்குத் தெரிந்த இவ்வரலாற்றின் பெரும்பகுதி விம்பர் எழுதியது. அவர் எழுதத் தெரிந்தவர், படம் வரையத் தெரிந்தவர், நூல் வெளியிடும் நகரில் வாழ்ந்தவர். மலைநாட்டு உழவராகிய முதியவர் தம் பக்கத்து நியாயத்தை நூலாக்கவில்லை. உச்சியில் அமர்ந்து ஓவியம் வரைந்தவரின் பொறுப்பு என்ன என்று கேட்டவர் சிலர். கயிறு கட்டிய கையைக் கேட்டவர் பலர். பாறையைப் பற்றி நின்று மூவர் உயிரைக் காத்தவற்றுள் அந்த முதியவரின் கைகளும் அடங்கும் என்பதை எண்ணியவர் மிகச் சிலர். பலர் கூடிச் செய்த பிழையில் பழி எப்போதும் நீரைப் போலப் பள்ளத்தை நாடியே ஓடுகிறது. நம் வீடுகளிலும் ஊர்ப் பொதுக் காரியங்களிலும் கூட இதனைக் காணலாம். விழாப் பந்தல் சரிந்தால் முதலில் பிடிபடுபவன் கால் நட்டவன். எத்தனை கால் வேண்டும் என்று கணக்கிட்டவர் அல்லர்.

அப்படியானால் குற்றம் யாருடையது? விதி என்று சொல்லி அமைவோர் உண்டு. வினைப்பயனை ஏற்றவர்கள்தாம் நாம். எனினும் வினை என்பது செய்யப்படுவது. செய்தவரை மறைக்கும் திரையாக அச்சொல்லைப் பயன்படுத்துதல் ஆகாது. இனி, அக்காலத்து இலண்டன் இதழ்கள் வேறொரு விடையைச் சொல்லின. 'டைம்ஸ்' நாளிதழ் தலையங்கமே எழுதி, இத்தகைய பயனற்ற துணிவு கடமையாகுமா என்று கண்டித்தது. 1882ஆம் ஆண்டில் மேலும் சில மரணங்கள் நேர்ந்தபோது, விக்டோரியா அரசியார் மலையேற்றத்தைக் கண்டிக்கலாகாதா என்று தம் முதலமைச்சரைக் கேட்கச் செய்தார். என் வயதினர் பெரும்பாலும் இவ்வணியில்தான் நிற்பர். இருக்கிற இடத்தில் இருந்தால் என்ன என்பது நம் வீட்டு முதியோர் வாக்கு. நான் அதில் சேரவில்லை. உயர்ந்ததைக் கண்டால் ஏறிப்பார்க்க விழைவது மனித இயல்பு. 1871ஆம் ஆண்டில் லூசி வாக்கர் என்னும் பெண்மணி இதே மாட்டர்ஹார்ன் சிகரத்தை அடைந்தார். மகளிருள் முதல்வர் அவரே. செய்தியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. ஆகவே ஏறலாமா என்பது என் வினா அன்று. கயிற்றில் பிணைந்த பின் ஒருவர் துணிவு அவர் ஒருவருடையதாக இருப்பதில்லை. அவர் தம் உயிரோடு முன்னே உள்ளவர் உயிரையும் பின்னே உள்ளவர் உயிரையும் பணயமாக வைக்கிறார். அதற்கு அவர்களிடம் கேட்டாரா, தகுந்த விடை பெற்றாரா என்பதே வினா.

ஆசிரியப் பயிற்சியின் தொடக்கத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தந்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. பாடம் முடிந்ததும் வகுப்பை நோக்கிப் ‘புரிந்ததா?’ என்று கேட்காதே. கேட்டால் ‘புரிந்தது’ என்றே விடை வரும் என்பர். மணி அடிக்கப் போகிறது, ஆசிரியருக்கு அடுத்த பாடம் செல்ல வேண்டும், மாணவர்க்கு வெளியே செல்ல வேண்டும். அவ்வினா விடையை அறிய எழுவதன்று. ‘ஆம்’ என்பதைப் பெற எழுவது. மாறாக ஒரு கணக்கைக் கொடு, செய்யட்டும், அப்போது தெரியும் என்பர். செர்மாட் விடுதியில் விம்பர் எழுப்பியது இந்தப் ‘புரிந்ததா?’ வகை வினாதான். கேட்டவரும் போக விரும்பினார், விடையளித்தவரும் போக விரும்பினார். வினாவுக்குரிய ஹாடோவோ பத்தொன்பது வயதுப் பிள்ளை. மூத்தோர் கூட்டத்தில் ‘எனக்கு இயலாது’ என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? இன்று அவ்வூர் வழிகாட்டிகள் மாட்டர்ஹார்ன் ஏற விரும்புவோரை முன்னதாகச் சிறிய பாறைச் சிகரங்களில் ஏறி இறங்கிக் காட்டச் சொல்கின்றனர். ஒரு வழிகாட்டி ஒருவரை மட்டுமே அழைத்துச் செல்கிறார். கணக்கைக் கொடுத்துச் செய்யச் சொல்வது என்பது இதுவே. அவ்வளவு செய்தும் அம்மலையில் 1865 முதல் இதுவரை 500 பேருக்கு மேல் மாண்டுள்ளனர்.

நம் ஆகமங்களை அறிந்தோர்க்குப் ‘பிரமாதம்’ என்னும் சொல் புதியதன்று. கவனமின்மை, விழிப்பின்மை, சோர்வு என்பது அதன் பொருள். தத்வார்த்த சூத்திரம் பந்தத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக அதனை வைக்கிறது. ஹிம்சை இன்னதென வரையறுக்கும் இடத்திலும் உயிர்ச்சேதத்தை மட்டும் சொல்லி விடாமல், அது பிரமாதத்தினின்று எழுவதைச் சேர்த்தே சொல்கிறது. கொல்லும் எண்ணம் மாட்டர்ஹார்னில் எவருக்கும் இல்லை. ஹட்சன் அருளாளர், குரோஸ் தியாகி, விம்பர் தீயவரல்லர். இருந்தும் நால்வர் இறந்தனர். பகையால் விளையும் ஹிம்சையை எளிதில் கண்டுகொள்கிறோம். நல்லவர் நால்வர் மகிழ்ச்சியோடு கூடியிருக்கையில் விளைவதை நாம் காண்பதில்லை. வேடிக்கை என்னவெனில், அதே பிரமாதம் என்னும் சொல் நடைமுறைத் தமிழில் ‘மிகச் சிறப்பு’ என்று பொருள்பட நிற்கிறது. சொற்பொருள் இவ்வாறு தலைகீழாக மாறியது எவ்வாறு என்பதை மொழி நூலார் சொல்லட்டும். மோன் பிளாங் சிகரத்தை விரைந்து ஏறிய இளைஞரைப் பற்றி அன்று விடுதியில் என்ன எண்ணினார்களோ அதற்கு இரு பொருளிலும் அச்சொல் பொருந்துகிறது.

இதற்கு மறுப்புரைக்கலாம். நடந்தபின் பேசுவது எளிது. மேலும், பழகாதவரை அழைத்துச் செல்லவே கூடாதெனில் எவரும் எப்போதும் பழக இயலாதே என்பர். இரண்டாவது மறுப்பு வலிமையானது. மெல்லக் கற்கும் பிள்ளையை ஒதுக்கி வைத்துத் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்தும் பள்ளியை நான் ஒருநாளும் நல்ல பள்ளி என்று கொண்டதில்லை. ஆனால் அப்பிள்ளையை உடன் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்த ஆசிரியர், தம் வேகத்தை மாற்றிக்கொள்கிறார், பாடத்திட்டத்தை மாற்றிக்கொள்கிறார், அன்று முடிக்க வேண்டியதை முடிக்காமல் விடவும் இசைகிறார். பிள்ளையும் வேண்டும், வேகமும் குறையக்கூடாது, முதலிடமும் நமக்கே வேண்டும் என்றால் அப்பிள்ளை பாரமாகிறது. ஹாடோவைச் சேர்த்துக்கொண்டது பிழையென நான் சொல்லவில்லை. சேர்த்துக்கொண்ட பின், அவர் இல்லாதது போலவே எல்லாம் நடந்ததே, அதுதான் பிழை. பாறையில் கட்ட எண்ணிய கயிறு கட்டப்படவில்லை. வலிய கயிறு தேடி எடுக்கப்படவில்லை. எழுவருக்கும் பொறுப்பாக ஒருவர் இல்லை. தனித்தனியே இருந்த ஏற்பாடுகள் ஓரிரவில் ஒன்றாயின, ஆனால் தலைமை யாருடையது என்பது தெளிவாக இல்லை. ஹட்சன் இருக்கிறார் என்று விம்பரும், குரோஸ் இருக்கிறார் என்று ஹட்சனும் இருந்துவிட்டனர். கடைசியில் விசாரணை ஏடு காரணம் ஹாடோ என்று எழுதி வைத்தது. இறந்துபோன பத்தொன்பது வயதுப் பிள்ளையால் மறுத்துச் சொல்ல இயலாது.

கரெலின் கதை எஞ்சியிருக்கிறது. நம் இதழ்களில் விம்பரைப் பற்றி எப்போதேனும் எழுதுவர். இதனை எழுதி நான் கண்டதில்லை. தோற்றுத் திரும்பிய கரெல் மனமுடைந்திருந்தார். அவரைத் தேற்றி மீண்டும் புறப்படச் செய்தவர் அமே கொரே என்னும் இளம் பாதிரியார். எட்டாண்டுகளுக்கு முன், 1857இல், கரெலுடன் சேர்ந்து இம்மலையை முதன்முதலில் ஏற முயன்றவர்களுள் அவரும் ஒருவர். அப்போது மறைப்பள்ளி மாணவர். பணம் தந்து இம்முயற்சியை நடத்திய ஜோர்டானோ, தம்மையும் அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். பழக்கமில்லாத பயணி ஒருவரின் உயிருக்கு என்னால் உறுதி தர இயலாது என்று கரெல் மறுத்துவிட்டார். கூலி கொடுப்பவரிடம் கூலி வாங்குபவர் சொன்ன சொல் அது. செர்மாட் விடுதியில் அந்தச் சொல்லைச் சொல்லும் தகுதி பெற்றிருந்தோர் மூவரோ நால்வரோ இருந்தனர்.

ஜூலை 17ஆம் நாள் கரெல், பிஷ், மெய்னே, கொரே ஆகிய நால்வரும் இத்தாலியப் பக்கமாக மேலே சென்றனர். சிகரம் கைக்கெட்டும் தொலைவில் குறுக்கே ஒரு பிளவு. அதில் கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கினால்தான் மறுபுறம் செல்லலாம்; திரும்பி வருகையில் மேலிருந்து கயிற்றைப் பிடித்துத் தூக்கிவிட எவரேனும் வேண்டும். கொரே தாம் அங்கேயே தங்குவதாகச் சொன்னார். மெய்னேயும் உடன் தங்கினார். கரெலும் பிஷ்ஷும் சென்று சிகரத்தில் நின்று திரும்பினர். அவர்கள் வரும்வரை மற்ற இருவரும் கயிற்றோடு காத்திருந்தனர். எட்டாண்டுக் கனவு சில அடித் தொலைவில் நின்றிருக்க, கொரே அதனைக் கண்ணால் மட்டும் கண்டு இறங்கினார். நால்வரும் ஊர் வந்து சேர்ந்தனர். மூன்று நாளுக்கு முன் நேர்ந்த துயரின் நடுவே இச்செய்திக்குப் பெரிய ஆரவாரம் எழவில்லை. மாட்டர்ஹார்னை முதலில் ஏறியவர் யார் என்ற பொது அறிவு வினாவுக்கும் இவர்கள் விடையல்லர்.

கரெல் அதன்பின் கால் நூற்றாண்டு அம்மலையிலேயே வழிகாட்டியாக வாழ்ந்தார். 1890ஆம் ஆண்டு ஆகஸ்டில், அறுபதைக் கடந்த வயதில், சினிகாலியா என்னும் இசையமைப்பாளரை அழைத்துக்கொண்டு இத்தாலிய முகட்டில் ஏறும்போது கடும்புயல் சூழ்ந்தது. குடிலில் அடைந்து கிடந்து, உணவும் விறகும் குறையவே, புயலிலேயே இறங்கத் துணிந்தார். பனியால் மூடிய பாறைகளின் வழியே ஏறத்தாழ ஒருநாள் முழுவதும் முன்னின்று வழிகாட்டினார். இடர் மிகுந்த இடமெல்லாம் கடந்து, பயணியைப் பாதுகாப்பான நிலத்திற்குக் கொணர்ந்த பின்னர்த் தளர்ந்து சாய்ந்தார். அங்கேயே உயிர் நீங்கியது. அவர் அழைத்துச் சென்றவர் உயிரோடு ஊர் சேர்ந்தார்.